பௌர்ணமிக்கு முன் ஒரு மொட்டை

என் வயதையொத்த உங்களிடம் ஒரு பழக்கத்தை ஒப்புக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. மனிதன் ஓநாயாக மாறும் படம் எங்கே கிடைத்தாலும் நான் பார்த்துவிடுவேன். பயத்தோடு சிரிப்பையும் கலந்து எடுத்த படமென்றால் இரண்டு முறை பார்ப்பேன். போன மாதம் மகள் வீட்டில் அப்படியொன்று ஓடிக்கொண்டிருந்தபோது மருமகன் கேட்டார்: "அத்தே, சாமி படம் பாக்குற வயசுல இதெல்லாம் இன்னாத்துக்கு?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கைச் சுற்றிச் சம்மணமிட்டு உட்கார்ந்து வளர்ந்த உங்களுக்கு மழுப்பாமல் சொல்லலாம்.

பேய்ப் படத்தில் பேய் வெளியிலிருந்து வரும், கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஓநாய் மனிதனுக்கு அந்த வசதி இல்லை. முதலில் நகம் நீளும். அவன் கையைச் சட்டைப் பைக்குள் ஒளிப்பான். பிறகு காதோரம் முடி அரும்பும். சீப்பால் வாரி மறைக்கப் பார்ப்பான். விருந்தாளிகளுக்கு நடுவில் ஊளை வந்துவிடும், இருமல் என்பான். அவனுடைய அந்த வெட்கத்தைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். சிரித்த வாயை மூடுவதற்குள் அவன் முகம் நீண்டுவிடுகிறது. யாரைப் பார்த்துச் சிரித்தோமோ அவனே நம் கழுத்துக்கு வருகிறான். நூலகத்தில் இதைப் பற்றி அறிஞர்கள் எழுதியதைத் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். எனக்கு அது விளங்கிய இடம் திருத்தணி. அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு.

ஆடிக் கிருத்திகைக்கு மூன்று வாரங்கள் இருந்தன. மலையடிவாரத்தில் நைனாவுக்குத் துணிக்கடை. காவடி எடுப்பவர்களுக்கான மஞ்சள் வேட்டியும் துண்டும் அந்த மாதத்தில்தான் மூட்டை மூட்டையாகப் போகும். பொதட்டூர்பேட்டையில் எங்கள் உறவினர் தறிகளில் நெய்த துணி மாட்டுவண்டியில் வந்து இறங்கும். வீடு முழுக்கக் கஞ்சிப் பசையும் சாயமும் கலந்த வாசனை. அம்மா காலையில் தையல் மெஷினில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்திருப்பாள். எங்களுக்குத் தலை பின்னவும் அவளுக்கு நேரமில்லை. அக்காவுக்கு இடுப்பைத் தாண்டும் முடி; அதை எண்ணெய் தடவிப் பின்னும் வேலை எனக்கு வந்தது.

ஒரு பிற்பகல், மூட்டை இறக்கிய வண்டி எங்கள் சந்தில் நின்றிருந்தது. அதன் அடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. வெள்ளையும் பழுப்புமாக இருந்த ஒரு குட்டியை எடுத்தே தீருவேன் என்று அக்கா முழங்காலால் தவழ்ந்து உள்ளே போனாள். தாய் நாய் குரைக்கவே இல்லை. அக்காவின் அலறல்தான் கேட்டது. வெளியே வந்தவள் வலக்காதுக்குப் பின்னால் கையை அழுத்தியிருந்தாள். விரல்களுக்கு நடுவில் ரத்தம் வழிந்து பின்னலுக்குள் இறங்கியது.

"சொன்னின்னா கொன்னுடுவேன்டி."

"அக்கா, ரத்தம்..."

"தொப்புள சுத்தி பதினாலு ஊசி போடுவாங்க. நீ போட்டுக்குவியா? வாய மூடு."

தெருக்குழாயில் கழுவினோம். மஞ்சள்தூள் வைத்து அழுத்தினோம். அடர்ந்த முடிக்குள் காயம் காணாமல் போயிற்று. அன்றிலிருந்து தலை பின்னும்போது நான் அந்த இடத்தைத் தொடாமல் பின்னப் பழகினேன்.

எங்களுக்கு விஷயம் தெரியாது என்று நினைக்காதீர்கள். அதற்கு முந்தைய வருடம் கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு விவசாயி நாய் கடித்து இறந்துபோயிருந்தார். தாகத்தில் தவித்தவர் தண்ணீரைக் கண்டாலே நடுங்கினார், கட்டிலோடு கட்டிப் போட்டார்கள் என்று பள்ளியில் பேசிக்கொண்டார்கள். அதனால் தினமும் காலையில் அக்காவிடம் ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டுவேன். அவள் அண்ணாந்து குடித்து முடித்து, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுவாள். கடித்த நாயை மூன்றாவது நாளிலிருந்து காணவில்லை. குட்டிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

நான்காவது நாள் வீடியோக் கொட்டகைக்குப் போனோம். திருவிழாவுக்கு முன்னமே வந்து தங்கும் பக்தர்களை நம்பி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டிருந்தார்கள். முன்னால் மரச்சட்டத்துக்குள் இழுப்புக் கதவு வைத்த தொலைக்காட்சிப் பெட்டி. பக்கத்தில் ஸ்டூல் போட்டு, கைக்குட்டை சுற்றிய மைக்கைப் பிடித்துக்கொண்டு மைக்செட்காரர் உட்கார்ந்திருப்பார். படம் ஆங்கிலம், எங்களில் யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. கதையைச் சொல்வது அவர் வேலை. ஆந்திராவிலிருந்து வந்தவர்களுக்காக நடுநடுவே தெலுங்கிலும் சொல்வார். படத்தை எடுத்தவர்கள் அதில் எவ்வளவு சிரிப்பு வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் சிரித்ததெல்லாம் அவர் வைத்த சிரிப்பு.

அன்றைய படத்தில் ஓர் இளைஞனை ஓநாய் தோளில் கடித்தது. அவன் எழுந்து, காயத்தைக் கோட்டால் மூடிக்கொண்டு, விருந்துக்குப் போய்ச் சிரித்தபடி நின்றான்.

"பாத்தீங்களா பாவா! வூட்ல சொன்னா ஊசி போட்டுடுவாங்கன்னு மூடி வெச்சுகினான். திருட்டுப் பய!" என்றார் மைக்செட்காரர்.

கொட்டகை சிரித்தது. அக்கா பின்னலை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள்.

"நெலாவு முழுசா வர்ற வரிக்கும்தான் இந்த ஜம்பம். அன்னிக்கு மொளைக்கும் பாரு மயிரு!"

பௌர்ணமி வந்தது. இளைஞனின் புறங்கையில் முடி முளைத்தது. அவன் கண்ணாடி முன் நின்று அவசர அவசரமாகச் சவரம் செய்தான். வலப்பக்கம் மழித்தால் இடப்பக்கம் முளைத்தது. ஆண்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போதே அவனுடைய தாடையெலும்பு உடைந்து நீண்ட சத்தம் கேட்டது. என் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டது.

"அட, இவனுக்கு வழி தெரியல! நேரா நம்ம மலைக்கி வந்து, பௌர்ணமிக்கு முன்னாடி ஒரு மொட்ட போட்டுகினா கத முடிஞ்சுது. முருகருகிட்ட முடிய குட்த்துட்டா ஓநாய்க்கி ஏதுய்யா முடி?"

அவ்வளவு பெரிய சிரிப்பை அந்தக் கொட்டகை அதற்குமுன் கேட்டிருக்காது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மைக்செட்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள், மருந்து எழுதிக்கொடுத்த வைத்தியரைப் பார்ப்பதைப் போல.

இதை நம்புகிற வயதா என்று நீங்கள் நினைப்பது சரி, அவள் பன்னிரண்டு வயதுப் பெண், வகுப்பில் முதலாவதாக வருபவள். ஆனால் எங்கள் ஊரில் காய்ச்சல் தீர்ந்தால் மொட்டை, பரீட்சை தேறினால் மொட்டை, தொலைந்த மாடு கிடைத்தால் மொட்டை. எந்தத் துன்பமும் முடியோடு இறங்கிப்போகும் என்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். முடியாகவே வரப்போகிற ஒரு துன்பத்துக்கு அது பலிக்காதா?

வீட்டுக்கு வந்ததும் நாட்காட்டியைப் பார்த்தோம். பௌர்ணமிக்கு ஒன்பது நாட்கள் இருந்தன.

அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு விளையாட்டு ஏற்பட்டது. அம்மாவின் மெஷின் ஓடும்போது, பின்கட்டில் துணி மூட்டைகளுக்கு நடுவே அக்கா நான்கு காலில் வருவாள். மேலுதட்டைச் சுருட்டி மெதுவாக உறுமுவாள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். ஒருநாள் நான் சிரித்து ஓய்ந்த பிறகும் அவள் உறுமுவதை நிறுத்தவில்லை.

"போதும்க்கா."

உறுமல் தொடர்ந்தது. கண்கள் என் மேலேயே நின்றன.

"அக்கா, போதும். நைனா கிட்ட சொல்லிடுவேன்."

அவள் சட்டென்று உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சும்மாதாண்டி பண்ணிகினு இருந்தேன்" என்றாள். மறுநாள் காலை நான் நீட்டிய சொம்பை வாங்கவில்லை. "வேணாம் போ" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சொம்போடு நின்றேன். அம்மா மெஷினிலிருந்து, "இன்னாடி ரெண்டு பேரும் குசுகுசுன்னுகினு? இந்தத் துண்ட மடிச்சு வெய்யுங்க" என்றாள். மடித்து வைத்தேன். மதியம் அக்கா குழாயடியில் தண்ணீர் குடித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடிக்கும் ஊசிக்கும் பயந்து சொல்லவில்லை என்று நெடுநாள் என்னிடமே சொல்லிவந்தேன். அதில் பாதிதான் உண்மை. மறுபாதி, படத்தில் பார்த்ததை நேரில் பார்க்க எனக்கு ஆசையிருந்தது. என் அக்காவின் கையில் முடி முளைப்பதை, அவள் அதைத் துண்டால் மூடுவதை, நான் ஒருத்தி மட்டும் பார்க்கப்போகிறேன் என்ற ஆசை. அவளை நான் உயிராக நேசித்தேன். அந்த ஆசையும் அதே நெஞ்சில்தான் இருந்தது.

கடித்த ஒன்பதாம் நாள், பள்ளிக்குப் போகிறோம் என்று கிளம்பிக் குளக்கரைக்குப் போனோம். அங்கே முடியிறக்கும் கொட்டகையில் வரிசையாகச் சவரத் தொழிலாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் இருந்தவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரியவங்க யாரும் வரலியாம்மா?"

"படியேறிகினு இருக்காங்க. எங்கள போட்டுகினு வரச் சொன்னாங்க," என்றாள் அக்கா.

"இம்மாம் முடியா? பூ முடியா மூணு கத்திரி குட்த்தா போதுமே கண்ணு."

"இல்லண்ணா. முழு மொட்டை வேண்டுதல்."

அவர் தண்ணீர் தெளித்து, கூந்தலை இரண்டாகப் பிரித்து முடிச்சிட்டு, இடப்பக்கம் ஆரம்பித்தார். கத்தி நெற்றியிலிருந்து பின்னோக்கிப் போகப் போக, வெளுத்த மண்டைத்தோல் தெரிந்தது. இடது முடிச்சு அவள் மடியில் விழுந்தது. அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். பிறகு வலது முடிச்சைத் தூக்கிப் பிடித்துக் காதோரம் கத்தியை வைத்தவர், நிறுத்தினார்.

"இது இன்னாம்மா?"

காயத்தின் ஓரங்கள் கறுத்து வீங்கியிருந்தன. நடுவில் நான்கு பல் தடங்கள்.

"ஒண்ணுமில்ல. எடுங்கண்ணா."

"நாயா?"

அக்கா காதைக் கையால் மூடினாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அக்காவின் மடியில் கிடந்த முடிச்சையே பார்த்தேன். அவர் கத்தியை மடித்துப் பெட்டியில் வைத்தார். அதைக் கண்டதும் அக்கா அவர் கையைப் பற்றிக்கொண்டு கதறினாள்.

"பாதியில வுடாதீங்கண்ணா! முழுசா எடுத்துடுங்கண்ணா! பாதியோட வுட்டா..."

"வுட்டா?"

"பாதி மாறிடுவேன்!"

பக்கத்தில் இருந்த தொழிலாளி வாய்விட்டுச் சிரித்தார். எங்களவர் சிரிக்கவில்லை. "யார் வூட்டுப் புள்ளம்மா நீ?" என்று என்னிடம் கேட்டார். நான் கடையைச் சொன்னேன். தோளில் இருந்த ஈரத்துண்டை அக்காவின் மேல் போட்டு, மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

அந்த நடையை இப்போதும் என்னால் முழுதாக நினைக்க முடியவில்லை. தலையில் ஒரு பக்கம் மொட்டை, மறுபக்கம் இடுப்புவரை முடி. தேங்காய்க் கடைக்காரர் சிரித்தார். பூ கட்டுகிற பெண்கள், "ஐயய்யே, காசு பத்தலியா கண்ணு?" என்று சிரித்தார்கள். ஆட்டோவிலிருந்து தலை நீட்டிச் சிரித்தார்கள். கொட்டகையில் கேட்ட அதே சிரிப்பு. அதற்கு நடுவில், கையைப் பைக்குள் ஒளிக்கத் தெரியாத ஒருத்தியாக, என் அக்கா நடந்துகொண்டிருந்தாள்.

நைனா கடையிலிருந்து குதித்து இறங்கினார். எங்களை ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தொழிலாளியின் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"யாரக் கேட்டுடா என் பொண்ணு தலையில கத்தி வெச்ச? வயசுக்கு வரப்போற பொண்ணுடா!"

சட்டை கிழிந்தது. அவர் திமிறவில்லை.

"மொதலாளி, அப்பறமா என்னிய அடிங்க. நின்னு வாங்கிகினு போறேன். மொதல்ல புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. தலையில நாய் கடிச்சிருக்குது."

நைனாவின் கை சட்டையிலேயே இருந்தது, ஆனால் அதில் பிடி இல்லை.

அரசு மருத்துவமனையில் டாக்டர் காயத்தை நெடுநேரம் பார்த்தார். "எப்ப கடிச்சுது?" என்று அக்காவைக் கேட்டார்.

"முந்தாநேத்து."

நாள் குறைந்தால் ஊசியும் குறையும் என்று அவள் கணக்கிட்டிருக்கிறாள் என்பது எனக்கு உடனே தெரிந்தது. டாக்டர் தலையசைத்து எழுதத் தொடங்கினார். பேனா நகர்வதைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், வண்டிக்கடியிலிருந்து வந்தபோது சொன்ன அதே எச்சரிக்கை இருந்தது.

"பொய்யி," என்றேன். "ஒம்போது நாளாச்சு. அந்த நாய மூணாம் நாள்லேந்தே காணோம்."

பேனா நின்றது. டாக்டர் எழுந்து, மருந்து ஐஸில் இருக்கிறதா என்று நர்ஸம்மாவைக் கேட்டார். கேட்டுவிட்டு நைனாவிடம் தணிந்த குரலில், "தலையில கடிச்சா நமக்கு டைம் கம்மி. இன்னியிலேந்து ஒரு நாளும் வுடாம கூட்டினு வரணும்" என்றார். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, மீதி முடியையும் மழித்தார்கள். திரைக்குப் பின்னால் முதல் ஊசிக்கு அக்கா கத்தியதை நடைகூடத்தில் நின்று கேட்டோம்.

நைனா என் உயரத்துக்குக் குனிந்தார். அடிப்பார் என்று கண்ணை மூடினேன்.

"ஒம்போது நாளா நீ எண்ணிகினு இருந்தியா?"

"ஆங்," என்றேன்.

எதற்காக என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாயைச் சொல்லியிருப்பேன். நிலாவைச் சொல்லியிருக்க மாட்டேன்.

பெரியவர்கள் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்: பிள்ளைகளின் புத்தியைப் படம் கெடுத்துவிட்டது. நைனாவும் இரண்டு கடைக்காரர்களும் போய்க் கொட்டகையைப் பிரிக்க வைத்தார்கள். மைக்செட்காரர் கும்பிட்டு ஏதோ சொல்லியிருக்கிறார், யாரும் கேட்கவில்லை. திருவிழாவுக்கு முன்பே பெட்டியையும் ஒலிபெருக்கியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த மனிதர் மட்டும் அன்று அந்த நகைச்சுவையைச் சொல்லாமல் இருந்திருந்தால், காயம் கூந்தலுக்குள்ளேயே இருந்திருக்கும். இதை அன்று வீட்டில் எடுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். அப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சட்டை கிழிந்த தொழிலாளிக்கு மட்டும் நைனா புதுத் துணி எடுத்துக்கொண்டு போனார். அவர் வாங்கிக்கொள்ள மறுத்து, அக்கா தண்ணீர் குடிக்கிறாளா என்று கேட்டாராம்.

அக்கா பிழைத்துக்கொண்டாள், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பௌர்ணமியன்று அது எங்களில் யாருக்கும் தெரியாது. அன்று ஐந்தாவது ஊசி. தொப்புளைச் சுற்றி எலுமிச்சம்பழ அளவுக்கு ஐந்து வீக்கங்கள். அவளைச் சன்னலோரம் படுக்க வைத்திருந்தார்கள். அம்மா அந்த ஐந்து நாட்களாக மெஷினைத் தொடவில்லை. முன்னறையில் உட்கார்ந்து வாசலையே வெறித்துக்கொண்டிருந்தாள். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் நிலா எழுந்தது. நான் பாயில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி அப்டி பாக்குற?"

"ஒண்ணுமில்லக்கா."

அவள் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து நிலா வெளிச்சத்தில் நீட்டினாள்.

"நீயே பாரு. எனக்கு பயமா கீது."

நான் அந்தக் கையை வாங்கிப் பார்த்தேன். புறங்கையை, உள்ளங்கையை, விரலிடுக்குகளை, ஒவ்வொரு நகத்தையும். அவசரப்படாமல், கடைசி விரல்வரை பார்த்தேன். இத்தனை நாள் எதைக் காணக் காத்திருந்தேனோ அது இல்லாமல் இருக்க வேண்டுமே என்று பார்த்தேன். அதற்கு அவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"இல்லக்கா. மொளைக்கல."

"காலு?"

கால்களையும் பார்த்தேன். "இல்ல."

"தல?"

மொட்டைத் தலையில் கையை வைத்தேன். ஐந்து நாள் முடி, புதுத் தேங்காய் நார்போல உள்ளங்கையில் குத்தியது. கையை எடுக்கத் தெரியாமல் விழித்தேன்.

"இன்னாடி? சொல்லித் தொலையேன்!"

"தலையில மட்டும் மொளைக்குதுக்கா."

அவள் தன் தலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததும் வயிற்றில் ஐந்து இடங்களும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள, "ஐயோ" என்று சுருண்டாள். "சிரிக்க வெக்காதடி பாவி, வலிக்குது, வலிக்குதுடி" என்று அழுதுகொண்டே மறுபடி சிரித்தாள். நான் அவள் மேல் விழுந்து கட்டிக்கொண்டேன். எனக்கும் இரண்டும் சேர்ந்தே வந்தன. சத்தம் கேட்டு முன்னறையிலிருந்து ஓடிவந்த அம்மா, நாங்கள் அழுகிறோமா சிரிக்கிறோமா என்று தெரியாமல், உள்ளே வரப் பயந்து, கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.